நன்றி சொல்ல ஒரு குற்றவாளி

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ராவியத்தக்கா. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொல்லப்போகிற எதிலும் நான் நடுநிலையாக இருக்கப் போவதில்லை. நடுநிலையான ஆள்தான் வேண்டுமென்றால் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியிலிருந்து கழனிவாசல் போகிற வழியில் ஒரு பொட்டல் இருக்கிறது. விடிந்ததும் அங்கே போனால், சேலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு ராவியத்தக்கா யாராவது ஒரு பெண்ணின் வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார். "கையப் பாக்காத, முன்னால பாரு!" என்று அவர் போடுகிற சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும். டீச்சர்கள், நர்சுகள், கல்லூரிப் பெண்கள், பிள்ளையார்பட்டியில் தேங்காய்க்கடை வைத்திருக்கும் பாண்டீஸ்வரி என்று அவரிடம் படித்தவர்களில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் உண்டு.

அவருடைய முறையே தனி. யாரையும் முதலில் சொந்த வண்டியில் ஏற்ற மாட்டார். தன் வீட்டுக்காரர் மீராசாவின் வண்டியில்தான் ஏற்றுவார். மீராசாண்ணனுக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் வலது கால் சூம்பிவிட்டது. அதனால் அவருடைய ஸ்கூட்டரின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னச் சக்கரம் பொருத்தியிருக்கும். அது விழவே விழாது.

"பயத்தையும் பேலன்ஸையும் ஒண்ணாப் படிக்க முடியாது புள்ள. மொதல்ல இந்த வண்டியில பயத்த முடிச்சுக்க. பேலன்ஸ பொறவு பாத்துக்கலாம்" என்பார்.

மீராசாண்ணன் தையல்காரர். வீட்டின் முன் அறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். சமையலும் அவர்தான். காலையில் வண்டியை மனைவியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். கால் முடியாத மனிதன் தன் காலைக் கழற்றி ஊர்ப் பெண்களுக்குக் கடன் கொடுத்தது போலத்தான் அது. அதை அவர் ஒரு நாளும் பெரிய காரியமாகப் பேசியதில்லை.

என் கதைக்கு வருகிறேன். என் அப்பா அமலதாஸ் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். உறவில் ஒரு பெண் வண்டியோடு விழுந்து கையை முறித்துக்கொண்ட நாளிலிருந்து, பெண் பிள்ளைக்கு வண்டி ஆகாது என்பது எங்கள் வீட்டில் பதினோராவது கட்டளை. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்ட என் கணவர் இமானுவேலும் அப்பா கட்சியில் சேர்ந்துகொண்டார். டியூஷன் எடுத்த சம்பாத்தியத்தில் நான் வாங்கிய வண்டியின் சாவியை அப்பா மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மாதாவிடம் கேட்டிருந்தால் அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள், எனக்குத்தான் கையை நீட்டத் தைரியம் வரவில்லை. காலைப் பூசைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பொட்டலுக்குப் போய் மீராசாண்ணன் வண்டியில் கற்றுக்கொண்டேன். கற்று முடித்த அன்று அதே வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தேன். அப்பா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாவி மேசைமேல் கிடந்தது.

வண்டி ஓட்டத் தெரிந்ததால்தான் எனக்கு இந்த வேலையே கிடைத்தது. ஊரில் இருக்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். கிராமம் கிராமமாகப் போகவேண்டும், வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் கூடவே போய் மொழிபெயர்க்கவேண்டும். சம்பளப் பணம் கடல் தாண்டி இருக்கும் ஓர் அறக்கட்டளையிலிருந்து வருகிறது. அவர்கள் கட்டிக் கொடுத்த கழிப்பறையால்தான் இங்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் வயதுக்கு வந்த பிள்ளைகள் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவள் நான். அந்த அறக்கட்டளையைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேச எனக்கு மனம் வராது.

போன வருடம் அவர்களுடைய சென்னை அலுவலகத்திலிருந்து சௌபர்ணிகா மேடம் போன் செய்தார். இஸ்லாமியப் பெண்களின் நடமாட்டச் சுதந்திரத்துக்காகப் புதிதாக ஒரு திட்டம் வந்திருக்கிறதாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க விரும்பும் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு இரட்டை பிரேக் வைத்த கார் ஒன்று தருவார்களாம். நான் போனை வைப்பதற்கு முன்பே மனத்துக்குள் ராவியத்தக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டேன்.

அக்காவுக்கு அது வெகுநாள் ஆசை. கார் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். ஊரில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் இடத்திலெல்லாம் ஆண்கள்தான் பக்கத்தில் உட்காருகிறார்கள். கூச்சத்தில் பாதியில் நின்ற பெண்கள் எத்தனையோ பேர்.

"ஸ்கூட்டரு ஒத்தை ஆளுக்குச் சரி. பிரசவத்துக்கு நிக்கிற மகளையும் முடியாமக் கெடக்குற பெத்த அத்தாவையும் ஸ்கூட்டருல கூட்டிட்டுப் போக முடியுமா? அந்த ரெண்டாவது பிரேக்கு மட்டும் என் காலுக்குக் கீழ இருக்கட்டும் லூசியா, இந்த ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரையும் ஸ்டியரிங்குல உக்கார வச்சிருவேன்" என்றார்.

அறக்கட்டளையிலிருந்து மார்கிட் என்ற அம்மா வந்தார். நெடுநெடுவென்று உயரம், இரக்கமான முகம். கையால் சோறு பிசைந்து சாப்பிடப் பழகியிருந்தார். கொத்தமங்கலத்தில் ஒரு பழைய செட்டியார் வீட்டில் தங்கியிருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு ராவியத்தக்கா வீட்டுக்குப் போனேன். மீராசாண்ணன் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பெண்கள் பேசுகிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று போய் மெஷினில் உட்கார்ந்தார்.

"அவர் அங்கிருந்து நாம் பேசுவதைக் கவனிக்கிறாரா?" என்று மார்கிட் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மெஷின் சத்தத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது" என்றேன்.

மார்கிட் கேள்விகளை ஆரம்பித்தார். வெளியே போவதற்குக் கணவரின் அனுமதி வேண்டுமா என்பது அதில் ஒன்று. நம் பேச்சில் அனுமதி என்ற சொல்லை யார் சொல்கிறார்கள்? அது அரசாங்க அலுவலகத்துச் சொல். "அண்ணனக் கேட்டுட்டுத்தான் வெளிய போவீகளாக்கா?" என்று கேட்டேன்.

"அவுகளக் கேக்காம எப்புடிப் போறது? ஒரு நாளு கேக்காமப் போயிட்டு வந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!" என்றார் அக்கா.

இதை அப்படியே மொழிபெயர்த்தேன். அடுத்த வாக்கியத்துக்கு நான் வாயைத் திறப்பதற்குள் மார்கிட்டின் கண் கலங்கிவிட்டது. நடந்தது என்னவென்றால், கடைவீதிக்குப் போன அக்கா என்ன வாங்கவேண்டும் என்று அண்ணனைக் கேட்காமல் போயிருக்கிறார். அண்ணனுக்கு ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு மெரூன் நூல் வேண்டியிருந்திருக்கிறது. உச்சி வெயிலில் அக்கா மறுபடியும் ஒரு நடை போக வேண்டியதாயிற்று. பட்ட பாடு அவ்வளவுதான். கடைக்குப் போகிறவர் வீட்டில் இருப்பவரைக் கேட்டுவிட்டுப் போவதென்றால் நம் ஊரில் வேறு என்ன பொருள்? நூல், கொத்தமல்லி, ஊசி என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன்.

மார்கிட் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையை ஆட்டினார். என் கைமேல் தன் கையை வைத்தார். "பல நாடுகளில் பார்த்திருக்கிறேன், லூசியா. அவர்கள் அதை இப்படித்தான் சின்ன விஷயமாக்கிச் சொல்வார்கள். அவர்களுக்கே அது தெரியாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கார் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மீராசாண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, "வெள்ளக்காரம்மா என்ன சொன்னாக?" என்று கேட்டார்.

"காரு கெடைச்சிரும்போல இருக்குண்ணே" என்றேன். அது பொய்யில்லை.

அடுத்த வாரம் சௌபர்ணிகா மேடத்திடமிருந்து போன் வந்தது. கார் ஏறக்குறைய முடிவாகிவிட்டது, பணம் கொடுக்கிறவர்களுக்குக் காட்ட ஒரு சின்னப் படம் மட்டும் வேண்டும், மார்கிட்டே எடுத்துக்கொள்வார் என்றார். படம் எப்படிப் போகவேண்டும் என்பதையும் சொன்னார். முதலில் இருட்டான அறை. முகம் மூடிய கறுப்பு புர்காவில் ராவியத். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு கணவர். ராவியத் தன் வாயால், என் கணவர் என்னை வெளியே விட்டதில்லை என்று சொல்கிறார். அப்புறம் வெளிச்சம், புர்காவைக் கழற்றுகிறார், ஸ்டியரிங்கில் கை.

"மேடம், அந்த அக்கா தினமும் பொட்டலில்தானே நிற்கிறார்கள். அண்ணனுடைய வண்டியில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்."

"தெரியும் லூசியா. ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமே. எங்கிருந்து எங்கே வந்தார் என்று காட்டினால்தானே கொடுப்பார்கள்? நம் நல்லதுக்குத்தான்."

எங்கள் பங்குக் கோயிலின் நூற்றாண்டு மலரில் ஒரு பழைய போட்டோ இருக்கிறது. பள்ளிக்கூடம் கட்டிய வெள்ளைக்காரச் சாமியாரைச் சுற்றிச் சட்டையில்லாத பிள்ளைகள். அதில் ஒருவர் என் தாத்தா. போட்டோ எடுக்கிறார்கள் என்று அவருடைய அப்பா கடன் வாங்கிப் புதுச் சட்டை தைத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். சாமியார் அந்தச் சட்டையைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் படம் எடுத்தாராம். சீமையில் இருப்பவர்கள் பார்த்து இரக்கப்பட வேண்டுமே. பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தான். நானே அங்கே படித்தவள், அந்தச் சாமியார் பெயரைச் சொல்லி இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் அந்தச் சட்டையை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். அன்றைக்குக் கழற்றச் சொன்னார்கள். இன்றைக்கு மாட்டச் சொல்கிறார்கள்.

அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார். "காருக்காக ஒரு நாளு நடிக்கணும், அம்புட்டுத்தான்? நடிச்சிட்டாப் போச்சு!"

மீராசாண்ணனுக்கு அதைவிடக் கொண்டாட்டம். "அப்ப நான் வில்லன் வேசமா? மீசைய முறுக்கி விடவா?" என்று கண்ணாடி முன்னால் நின்று முறைத்துப் பார்த்தார். முறைப்பு வரவில்லை. அந்த முகத்துக்கு அது பழக்கமில்லை. இரண்டு பேரும் அடுப்படியில் வசனத்தைச் சொல்லிப் பார்த்து ஆளுக்கு ஆள் கேலி செய்துகொண்டார்கள்.

படம் எடுக்கிற அன்று ஒரு சிக்கல். அக்காவிடம் புர்கா கிடையாது. சேலை முந்தானைதான் எப்போதும். அவரிடம் வண்டி படித்த தாஜ்நிஷாவிடம் இரவல் கேட்டிருந்தோம். தாஜ்நிஷா கல்லூரியில் படிக்கிறாள், முகம் மூடிய புர்காதான் போடுவாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது, போடுகிறாள். மார்கிட் வாசலில் நின்று கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் தலையிலிருந்து கால்வரை கறுப்போடு ஸ்கூட்டரில் பறந்து வந்து நின்றாள். வண்டியை ஆஃப் பண்ணாமலே இன்னொரு புர்கா இருந்த பையை என் கையில் திணித்தாள். "நேரமாச்சுக்கா, இன்டர்னல் பரீட்சை இருக்கு" என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் திரும்பிப் போனாள். புர்கா போட்டவள் வண்டி ஓட்டமாட்டாள் என்று காட்டப்போகிற படத்துக்கான புர்கா, புர்கா போட்டவள் ஓட்டிவந்த வண்டியில் வந்து இறங்கியது. நான் மார்கிட்டைப் பார்த்தேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலை அடைத்தார்கள். சத்தம் வரும் என்று காற்றாடியையும் நிறுத்தினார்கள். அக்கா புர்காவுக்குள் வியர்த்து, "மூக்கு அரிக்குது புள்ள, எப்புடிச் சொறியிறது?" என்று என்னிடம் கேட்டார். மீராசாண்ணன் கதவு நிலையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். மார்கிட் கையைக் காட்டினார்.

அக்கா சொன்னார்: "எங்க வீட்டு ஆளு என்னைய வெளிய விட்டதே இல்ல."

அடுப்படியில் நூறு தடவை சொல்லிச் சிரித்த வார்த்தைதான். ஆனால் அந்த இருட்டில், வெளியாள் ஒருவரிடம், மூடிய துணிக்குள்ளிருந்து வந்தபோது அது வேறாக இருந்தது. மீராசாண்ணன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கட்டியிருந்த கை அவிழ்ந்து, நல்ல காலை மாற்றி ஊன்றி, நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அருமை" என்று மார்கிட் மெதுவாகச் சொன்னார். "அந்த முகத்தை அப்படியே வைத்திருக்கச் சொல்."

அக்கா முகத்துணியை இழுத்து எறிந்தார். "நிப்பாட்டுங்க. லூசியா, அத அழிக்கச் சொல்லு. நான் சொன்னத அழிக்கச் சொல்லு!"

குரல் உயர்ந்ததைக் கேட்ட மார்கிட் வாசலைப் பார்த்தார். இறுகிப்போயிருந்த அண்ணன் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்துக்கொண்டாரோ, ஒரே எட்டில் வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கையை விரித்தார். "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று அக்காவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மீராசாண்ணன் அடித்துவிடுவார் என்று நினைத்துவிட்டார், பாவி. ஈ உட்கார்ந்தால்கூட ஊதித்தான் விரட்டுகிற மனிதர் அவர். அக்கா மார்கிட்டின் கைக்குக் கீழே குனிந்து போய், "மச்சான், சும்மா சொன்னது மச்சான்" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எனக்கு வந்த கோபத்தில் என் ஆங்கிலம் இலக்கணத்தையெல்லாம் விட்டுவிட்டு ஓடியது. "வெளியே விடாத ஆள்தானே உங்களுக்கு வேண்டும்? என்னைப் படம் எடுங்கள். என் வண்டிச் சாவியை ஒளித்து வைத்தது என் அப்பா. அவர் செய்தது சரி என்றது என் கணவர். பொய் சொல்லிவிட்டு வந்த எனக்கு, இதோ இந்த மனிதர் தன் வண்டியைக் கொடுத்தார், இந்த அம்மா சொல்லிக்கொடுத்தார். எல்லாம் நடந்த கதை. ஒரு வரி நடிக்க வேண்டாம்."

மார்கிட் குழம்பிப்போனார். "ஆனால், நீ கிறிஸ்தவப் பெண் அல்லவா?" என்றார்.

"ஆமாம்."

"இந்தத் திட்டம் முஸ்லிம் பெண்களுக்கு. உன் வீட்டில் நடந்தது வேறு. அது குடும்ப விஷயம்."

"என் அப்பா செய்தால் குடும்ப விஷயம். மீராசாண்ணன் செய்யாவிட்டாலும் அது மதமா?"

மார்கிட் வாயைத் திறந்து மூடினார். கெட்ட மனுஷி இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் சட்டென்று ஒரு பதில் வந்திருக்கும்.

ராவியத்தக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன ரெண்டு பேரும் தஸ்ஸு புஸ்ஸுங்கிறீக? எனக்கும் சொல்லு" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு மார்கிட்டின் முன்னால் வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. பொட்டலில் பயந்துபோன பெண்ணிடம் பேசுகிற அதே குரலில்தான் பேசினார்.

"அம்மா, நீங்க எம்புட்டுத் தொலைவுலருந்து எங்களுக்குச் செய்யணும்னு வந்திருக்கீக. நீங்க நல்லாருக்கணும். காரு குடுத்தீகன்னா ஆயுசு பூராம் உங்களுக்காகத் துஆ கேப்பேன். நூறு பேருக்கு முன்னால நின்னு நன்றி சொல்லச் சொல்லுங்க, சொல்றேன். ஆனா உங்களுக்கு நன்றி சொல்லணும்னா நான் எங்க வீட்டு ஆளக் குத்தவாளி ஆக்கணுமா? அவுக மேல பழியப் போட்டாத்தான் உங்க நன்றி எடுபடுமா?"

இதை நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன்.

மார்கிட் போய் அடைத்திருந்த ஜன்னலைத் திறந்துவிட்டார். கேமராவை எடுத்து, அந்தக் காட்சியை வரவழைத்து, எந்தப் பொத்தானை அமுக்கவேண்டும் என்று காட்டி, கேமராவை அக்கா கையில் கொடுத்தார். அக்கா பிஸ்மில்லா சொல்லி அமுக்கினார். திரை வெறுமையானது. மார்கிட் மீராசாண்ணன் பக்கம் திரும்பி, சொல்லத் தெரியாமல், இரண்டு கையையும் கூப்பினார். அண்ணன் பதறிப்போய், "அய்யய்யோ, அதெல்லாம் வேணாம்மா. இருங்க, டீ போடுறேன்" என்று அடுப்படிக்குள் போனார். அந்த டீயை மார்கிட் தரையில் உட்கார்ந்து குடித்தார். அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றியோடுதான் இருக்கிறேன். தான் தேடி வந்ததைத் தன் கையாலேயே அழிக்கக் கொடுக்கிற மனம் எல்லோருக்கும் வராது.

ஆனால் மார்கிட்டுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். சில வாரம் கழித்து சௌபர்ணிகா மேடம் பேசினார். குரல் தணிந்திருந்தது. "மார்கிட் உங்களுக்காக ரொம்ப வாதாடினாங்க, லூசியா. மேலிடத்தில் படம் இல்லாமல் முடியாதுன்னுட்டாங்க. கார் வேறு மாவட்டத்துக்குப் போயிடுச்சு."

வேறு மாவட்டத்தில் வேறொரு பெண் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டில் அது உண்மையாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கும் அவசரம் இருந்திருக்கும்.

செய்தியைச் சொல்ல அன்று மதியமே போனேன். மீராசாண்ணன் மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டின் கையைத் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா பித்தான் கட்டிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "அந்தப் புள்ளையாவது நல்லா ஓட்டட்டும்" என்றார். அப்புறம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "ரொம்ப ஆசப்பட்டுட்டேன் லூசியா. அந்த ரெண்டாவது பிரேக்கு என் காலுக்கு அடியில இருக்கிற மாதிரியே கனாக் கண்டுக்கிட்டு இருந்தேன்."

மீராசாண்ணன் மெஷினை நிறுத்தினார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஒத்தை வார்த்தை. சொன்னதச் சொன்னதாவே விட்டுருந்தா இன்னைக்கு வாசல்ல காரு நின்னுருக்கும். எந்த ஊருலயோ யாரோ நாலு பேரு என்னையப் பொல்லாதவன்னு நெனைச்சா நெனைச்சுட்டுப் போறாக. எனக்கென்ன தேஞ்சா போயிரும்?"

அக்கா முந்தானையை விலக்கினார். கண் சிவந்திருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"உங்களுக்குத் தேயாது மச்சான். எனக்குத் தேஞ்சிரும். பொய்யச் சொல்லி வாங்குன காருல ஒருத்திய உக்கார வச்சு, பயப்படாத, நான் பக்கத்துல இருக்கேன்னு எந்த வாயால சொல்லுவேன்? உங்க வண்டிய எடுத்துட்டுப் போயித்தான் நான் மனுசியானேன். உங்களயே வித்துட்டு என்னத்த ஓட்ட?"

அண்ணன் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அறுத்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றி என்ற சொல் எங்கள் ஊரில் மேடையில் மைக்கைப் பிடித்தால்தான் வரும். வீட்டுக்குள் ஒருவரிடம் அதைச் சொன்னால், என்னைய அந்நியமா நெனைச்சிட்டியா என்று சண்டைக்கு வருவார்கள். அக்காவிடம் வண்டி படித்த காலத்திலிருந்து இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே" என்றேன். "உங்க வண்டிய எனக்குக் குடுத்தீகல்ல, அதுக்கு ரொம்ப நன்றிண்ணே."

மீராசாண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. "இந்தா, கிறுக்கச்சி மாதிரி பேசாத" என்றார். மெஷினைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "தட்டுப் போடுறேன். ரெண்டு பேரும் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க, குழம்பு ஆறுது."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். அண்ணன் எதுவும் கேட்காமல் பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தார்.